திங்கள், புதன், சனி வந்த நீலத்திரை

“அக்கா, இந்த நீலம் என்னக்கா சொல்லுது?”

காளீஸ்வரி திரையைப் பார்த்தபடி கேட்டாள். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுக்காரர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் சின்ன அலுவலகம் அது. மேஜைக்கு அடியில் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாக உட்கார்ந்திருந்தேன். கையில் டார்ச். மேலே கணினித் திரை முழுக்க நீலம். அதில் சாய்ந்து படுத்த ஒரு சோக முகம். கீழே, ஏதோ கோளாறு, நிறுத்திக்கொள்கிறேன் என்கிற பொருளில் இரண்டு வரி ஆங்கிலம்.

ஜன்னல் வழியாக டீசல் வாடையும் ஐஸ் வாடையும் வந்துகொண்டிருந்தன. ஐஸுக்கு ஏது வாடை என்று நினைப்பவர்கள் ஒருமுறை துறைமுகத்துப் பக்கம் வந்து நிற்கலாம். ஈரச் சாக்கும் உப்பும் நேற்றைய மீனும் கலந்த ஒன்று அது.

“ஒண்ணுமில்லம்மா. நின்னு போயிருக்கு. பாக்குறேன்” என்றேன்.

அவள் நம்பவில்லை. சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

ஒரே பெயரில் இருவர்

காளீஸ்வரியின் கணவர் முருகேசன் அதற்கு நான்கு நாள் முன்னால் கடலுக்குப் போன படகில் இருந்தார். எல்லை தாண்டியதாகச் சொல்லி மறுகரைக் கடற்படையினர் அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படகில் ஐந்து பேர்.

நால்வரைப் பற்றி அலுவலகத்தில் ஓரளவு நம்பிக்கை இருந்தது. முதல் தடவை பிடிபடுகிறவர்களைச் சில வாரங்களில் எச்சரித்து அனுப்பிவிடுவது வழக்கம். இரண்டாம் தடவை என்றால் அப்படியில்லை. மாதக்கணக்கில் சிறை.

முருகேசன் முதல் தடவைதான். ஆனால் சில வருடங்களுக்கு முன் இதே கரையிலிருந்து போன இன்னொரு முருகேசன் பிடிபட்டுத் திரும்பியிருக்கிறார். அவருடைய அப்பா கருப்பையா, இவருடைய அப்பா காத்தமுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் இருவரும் கே. முருகேசன். ஊரும் ஒன்று. அங்கே பழைய பட்டியலைப் பார்த்தவர்கள், இந்த ஆள் ஏற்கெனவே வந்தவர் என்று எழுதிவிட்டார்கள்.

இருவரும் வேறு வேறு ஆள் என்று காட்ட, பழைய முருகேசனின் படமும் அப்பா பெயரும் உள்ள காகிதம் வேண்டும். அந்த மனிதர் கடல் தொழிலை விட்டு ஊர் மாறிப் போயிருந்தார். கையில் இருந்த நம்பர் வேலை செய்யவில்லை. ஒரு மழையில் அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்து கோப்புகள் கூழான பிறகு, மிஞ்சியதையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் போட்டிருந்தார்கள். வேறு எங்கும் பிரதி இல்லை.

மறுநாள் அங்கே கோர்ட். வழக்கைப் பார்க்கும் வக்கீல் மதியத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்.

கணினியோ ஐந்து நிமிடம் ஓடும், கோப்பை எடுப்பதற்குள் நீலமாகும், தானாக அணைந்து மறுபடி கிளம்பும், மறுபடி நீலமாகும்.

அலுவலகப் பொறுப்பில் இருந்த கலீல் பாய் எனக்குப் போன் செய்தபோது, “மிஷின் போனாப் போகுதும்மா. உள்ள இருக்கறது மட்டும் வேணும்” என்றார். புதுக்கோட்டையில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

வல்லத்திராக்கோட்டைக் கிணறு

நான் ஏன் இந்த நீலத்திரைக்கு இவ்வளவு பயப்படுகிறேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆவூர்ப் பக்கத்துப் பெண் நான். பாலிடெக்னிக் முடித்து, புதுக்கோட்டையில் ஒரு மாடியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்த புதிதில், படி ஏறி வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு “சார் இல்லையா?” என்று கேட்பார்கள். சார் யாரும் இல்லை, நான்தான் என்று சொன்னபின் கொஞ்சம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்க நான் எல்லாவற்றையும் வேகமாகச் செய்யப் பழகினேன்.

வேகமான வழி ஒன்றுதான் இருந்தது. எந்தக் கோளாறு என்றாலும் ஃபார்மட் அடித்துவிடுவது. மொத்தத்தையும் துடைத்துப் புதிதாக ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எது கெட்டுப்போயிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து சின்னையா என்ற விவசாயி ஒரு பழைய கணினியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். நீலத்திரை. நான் ஃபார்மட் அடித்துவிட்டேன். சாயங்காலம் வந்தவர் ஒன்றைத் தேடினார். கிடைக்கவில்லை.

“என்ன வச்சிருந்தீங்க?” என்றேன்.

“கெணத்துத் தண்ணி மட்டம்மா. தெனம் காலையில கயிறு விட்டுப் பாத்து எழுதி வைப்பேன். ஒம்போது வருசம் இருந்துச்சு.”

நோட்டில் இருந்ததையெல்லாம் மகளை வைத்துக் கணினியில் ஏற்றிவிட்டு, நோட்டுகளைப் போட்டுவிட்டார். எந்த மழைக்கு எத்தனை நாள் கழித்துக் கிணறு ஊறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனையும். கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டது என்று சொன்னார்.

என்னை அவர் திட்டவில்லை. “சரிம்மா, நாளையில இருந்து பாப்போம்” என்று கணினியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். அந்த ஒன்பது வருடம் எனக்கு இன்னும் கனக்கிறது.

அதற்குப் பிறகுதான் நீலத்திரையில் எழுதியிருப்பதை வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க ஆச்சரியமாக இருந்தது. அது கணினி செத்துப்போனதற்கான அடையாளமே இல்லை. உள்ளே ஏதோ ஒன்று தப்பாகிவிட்டது, இதற்கு மேல் ஓடினால் நல்ல கோப்பையும் தப்பாக எழுதிக் கெடுத்துவிடுவேன், அதனால் நிறுத்திக்கொள்கிறேன் என்று அது தானே எடுக்கிற முடிவு. நிறுத்துவதற்கு முன் காரணத்தையும் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறது. நாம்தான் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம்

ஜெகதாப்பட்டினத்துக்கு வருகிறேன்.

முதல் வேலையாக டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். திறக்கவில்லை. நாற்பத்தெட்டு இலக்கச் சாவி ஒன்றைக் கேட்டது. இப்போதைய கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டு அதே கணினிக்குள் இருந்தால் மட்டும் சத்தமில்லாமல் திறக்கும். வெளியே எடுத்தால் சாவி வேண்டும். அதை அமைத்துக் கொடுத்தவர் யாருடைய மெயிலில் சாவியைப் போட்டார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆக, அந்தக் கணினியே உயிரோடு எழுந்து ஓடினால்தான் உண்டு.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி ஓடவிட்டேன். நீலம். காரணம், மெமரி மேனேஜ்மென்ட் என்றது. சரி, மெமரி என்று நினைத்தேன். மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை பேஜ் ஃபால்ட் என்றது. மூன்றாம் தடவை வேறொன்று.

ஒரு மென்பொருள் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். தடவைக்கு ஒன்று சொன்னால் கோளாறு மென்பொருளில் இருக்காது. காலையில் தலைவலி, மதியம் வயிற்றுவலி, சாயங்காலம் கால்வலி என்று சொல்கிற ஆளுக்கு ரத்தத்தில் ஏதோ குறை என்று டாக்டர் யோசிப்பாரே, அது மாதிரி. எல்லாமே மெமரி வழியாகத்தான் ஓடுகிறது. அங்கே பிடி விட்டுப் பிடித்தால் எல்லாவற்றிலும் வலி தெரியும்.

மெமரி பட்டையைக் கழற்றினேன். கடற்கரை ஊர், உப்புக் காற்று, பித்தளைப் பூட்டே பச்சை பிடிக்கும் இடம். உப்புதான் என்று முடிவு கட்டினேன். பட்டையின் விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, சொருகும் இடத்தைப் பிரஷ்ஷால் துடைத்து மாட்டினேன். ஏழு நிமிடம் ஓடியது. கலீல் பாய் “ஆச்சு போல” என்றார். நீலமானது.

மணி பதினொன்று ஆகப்போகிறது. காளீஸ்வரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அழவில்லை. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மும்தாஜின் காலண்டர்

அந்த அலுவலகத்தில் கணினியை இயக்குகிறவர் மும்தாஜ். முப்பது வயதிருக்கும். எந்தப் படகில் யார் போகிறார்கள் என்ற பட்டியல் போடுவது அவர்தான். நான் வந்ததிலிருந்து ஓரமாக நின்றவர், அப்போது சுவரிலிருந்த தினக்காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். கூடவே டிராயரிலிருந்து, கிழித்த தாள்களின் ஒரு கட்டு.

“அக்கா, இது உபயோகப்படுமான்னு தெரியல. இது வர்ற அன்னைக்கெல்லாம் நான் எழுதி வச்சிருக்கேன்.”

தாள்களின் பின்பக்கத்தில், நீலத்திரை வந்த நேரமும் அது சொன்ன காரணமும். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே ஒலி கூட்டி எழுதியிருந்தார். ‘ஐ ஆர் கியூ எல்’ என்று ஒரு தாளில் இருந்தது.

“எதுக்கு எழுதுனீங்க?”

“சும்மாதாங்க்கா. ஒவ்வொரு நாளும் ஒண்ணு சொல்லுதே, ஏன்னு தெரிஞ்சுக்கலாமேன்னு. யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

தாள்களைத் தரையில் பரப்பினேன். இருபதுக்கு மேல் இருந்தன. காரணங்களைப் பார்த்தேன், ஒழுங்கு தெரியவில்லை. நேரத்தைப் பார்த்தேன். எல்லாம் காலை வேளை. பிறகு தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தேன். திங்கள். புதன். சனி. திங்கள். சனி. புதன்.

“மும்தாஜ், செவ்வாய், வியாழன்ல வந்ததே இல்லையா?”

அவர் யோசித்தார். “இல்லக்கா. தடைக்காலத்துல ரெண்டு மாசமா ஒருநாள்கூட வரல. மீனுக்கு லீவு, படகுக்கு லீவு, இதுக்கும் லீவு போலன்னு நெனச்சேன்.”

திங்கள், புதன், சனி படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள். அன்று புதன்கிழமை. பிடிபட்ட சேதியால் பாதிப் படகுகள் போகவில்லை, பாதி கிளம்பிக்கொண்டிருந்தன.

கடலுக்குப் போகும் நாளுக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று பார்த்தேன். யுபிஎஸ் நன்றாகத்தான் இருந்தது. கையைச் சுவரில் ஊன்றி எழப் போனேன். உள்ளங்கைக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது.

சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது.

“சுவருக்கு அங்கிட்டு என்ன இருக்கு?”

“ஐஸ் பிளான்ட்டுதான்” என்றார் கலீல் பாய். “படகுக்கு ஐஸ் அரைக்கிற மிஷின் இந்தச் செவுத்தோட ஒட்டித்தான் நிக்குது. போற அன்னைக்குக் காலையில ஓட்டுவாங்க. எங்களுக்குப் பழகிப்போச்சு.”

காலையிலிருந்து அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. துறைமுகத்துச் சத்தம் என்று ஒதுக்கிவிட்டேன். கணினிப் பெட்டி மேஜைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் இறுக்கமாகச் சொருகி வைக்கப்பட்டிருந்தது. அங்கே ஐஸ் கட்டி உடைய உடைய, இங்கே மெமரிக்குப் பிடி விட்டுப் போயிருக்கிறது.

மூன்று தெரு

கலீல் பாய் பிளான்ட்டை நிறுத்தச் சொல்லப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். கடலுக்குப் போக டோக்கன் வாங்கிய படகுகள் வரிசையில் நிற்கின்றன, இன்னும் ஒரு மணி நேரமாவது ஓடும் என்றார்கள்.

“நிறுத்த வேணாம் பாய். இதைத் தூக்கிக்கிட்டுப் போயிருவோம். அசையாத இடமா ஒண்ணு வேணும்” என்றேன்.

“எங்க வீடு மூணு தெரு தள்ளி இருக்குக்கா” என்றார் மும்தாஜ். “பஞ்சு மெத்தை இருக்கு. டிவியில சொருகுனா படம் தெரியும்ல?”

தெரியும். அவ்வளவு நேரம் எனக்குத் தோன்றாதது அது.

கலீல் பாய் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். காளீஸ்வரி எழுந்து வந்து கையை நீட்டினாள்.

“நான் தூக்குறேண்ணே.”

“கனமா இருக்கும்மா, நீ விடு.”

“இருக்கட்டும். எங்க வீட்டுக்காரர் இதுக்குள்ளதானே இருக்காரு.”

கலீல் பாய் விலகிக்கொண்டார். அவள் பெட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கினாள். மும்தாஜ் கீபோர்டை எடுத்துக்கொண்டார். நான் வயர்களையும் பையையும். கலீல் பாய் முன்னால் நடந்து, “கொஞ்சம் வழி விடுங்க, வழி விடுங்க” என்று சொல்லிக்கொண்டே போனார். ஐஸ் தண்ணீர் ஓடிய ரோட்டில் செருப்பு வழுக்கியது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர், “என்னத்தம்மா தூக்கிட்டுப் போறீக?” என்று கேட்டார். காளீஸ்வரி அடி பார்த்து நடந்தாள்.

டிவியில் தெரிந்த முகம்

மும்தாஜ் வீட்டுக் கட்டிலில் மெத்தைமேல் பெட்டியைப் படுக்க வைத்தோம். மெமரிப் பட்டையைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினேன். டிவியில் இணைத்து, பட்டனை அழுத்தினேன்.

எழுந்தது. ஐந்து நிமிடம் ஆனது. யாரும் கட்டிலில் கை வைக்கவில்லை. ஏழு நிமிடம் ஆனது. அடுப்படியில் மும்தாஜின் மாமியார் மிக்ஸி ஓட்டும் சத்தம் கேட்டது.

“மாமி, மிக்ஸிய நிறுத்துங்க” என்றார் மும்தாஜ் தாழ்ந்த குரலில்.

“சட்னிதாண்டி அரைக்கிறேன்.”

“அப்புறம் அரைச்சுக்கலாம் மாமி. இங்க ஆள வெளிய எடுத்துக்கிட்டு இருக்கோம்.”

மிக்ஸி நின்றது. மாமி ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

நான் முதலில் எதையும் திறந்து பார்க்கவில்லை. மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவுக்கு நகல் எடுக்க விட்டேன். பச்சைப் பட்டை நகர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பிறகு நகர்ந்தது. முடிந்தது. இன்னொரு பென் டிரைவில் இன்னொரு நகல் எடுத்த பிறகுதான் மும்தாஜிடம் கீபோர்டைக் கொடுத்தேன்.

அவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். நான்கே சொடுக்கில் பழைய பட்டியலைத் திறந்தார். டிவி முழுக்க ஒரு மனிதர். நாற்பது வயது, அடர்ந்த மீசை, இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. க. முருகேசன், தகப்பனார் பெயர் கருப்பையா.

காளீஸ்வரி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். அந்த முகத்தையே பார்த்தாள்.

“இவரு இல்ல. எங்க வீட்டுக்காரர் இவரு இல்ல” என்றாள். எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவள் அதை நாலைந்து தடவை சொன்னாள். அப்போதுதான் அழுதாள்.

மும்தாஜ் இருவருடைய தாளையும் அடுத்தடுத்து வைத்து என் லேப்டாப்பிலிருந்து மெயில் அனுப்பினார். பன்னிரண்டு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வந்து சேர்ந்தது என்று வக்கீலிடமிருந்து பதில் வந்ததும் மாமி அடுப்படிக்குப் போனார். மிக்ஸி மறுபடி ஓடியது. மெத்தைமேல் இருந்த கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

உப்பு இல்லை

கோளாறு உப்பால்தான் வந்தது என்று நான் முடிவு கட்டியது தப்பு. அந்தப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, மதர்போர்டுப் பலகையைக் கழற்றி, லென்ஸ் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். மெமரி சொருகும் இடத்தின் பின்பக்கம், ஈயப் பற்றில் தலைமுடியைவிட மெல்லிய விரிசல் ஒன்று இருந்தது. விரலால் பலகையை லேசாக வளைத்தால் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. வாரத்துக்கு மூன்று நாள் வீதம் எத்தனை வருடம் அந்தச் சுவர் அதைத் தட்டியிருக்கும். அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் புரியாது. மும்தாஜுக்கு மட்டும் போன் செய்தேன். “படம் எடுத்து அனுப்புங்கக்கா” என்றார். அனுப்பினேன். அதைக் காலண்டர் தாள் ஒன்றில் வரைந்து வைத்துக்கொண்டதாக அப்புறம் சொன்னார்.

ஐந்து பேரும் சில வாரங்கள் கழித்துத் திரும்பிவிட்டார்கள். முருகேசனும்தான். படகு மட்டும் வரவில்லை.

ஒருநாள் காலையில் காளீஸ்வரியும் அவள் கணவரும் என் கடைப் படியேறி வந்தார்கள். நான் அவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். மெலிந்த ஆள், மொட்டையடித்த தலையில் முடி அப்போதுதான் முளைத்திருந்தது. உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். ஏதாவது கணினி வேலையா என்று கேட்டேன்.

“இல்லங்க. கொடும்பாளூர் போறோம். வழியில ஒங்களையும் பாத்துட்டுப் போகலாம்னு” என்றார் முருகேசன்.

“அங்க யாரு?”

“அந்த இன்னொரு முருகேசன். பொண்டாட்டி ஊரு அங்கிட்டுத்தானாம், ஆடு வளக்குறாராம். மும்தாஜு விசாரிச்சுச் சொன்னுச்சு.”

“அவர எதுக்குப் பாக்கணும்?” என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“அங்க என்னைய அவருன்னு நெனச்சுத்தாங்க எல்லாம் கேட்டாங்க. போன தடவ எந்த ரூம்புல இருந்த, கூட யாரு இருந்தான்னு. ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும்போது, அந்த மனுசன் இங்கதானே படுத்திருப்பாருன்னு தோணும். மொகம் தெரியாது. ஆனா அவரு நெனப்புதான்.” ஒரு வாய் டீ குடித்தார். “நான் வந்துட்டேன். அவருக்கு அப்பத் துணைக்கு ஆரு இருந்தாங்கன்னு கேக்கணும்.”

டீயைக் குடித்து முடித்தார்கள். படியிறங்கும்போது காளீஸ்வரி திரும்பி, “வாரோம்க்கா” என்றாள். நான் மாடிச் சுவரோரம் நின்று பார்த்தேன். அவர்கள் ஏற வேண்டிய விராலிமலைப் பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. அவர் ஓடிப்போய்ப் படியைத் தட்டி நிறுத்தி, அவளை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.